வேகம் தின்ற தோள்

வளைகுடாவின் ருவைஸில் கோடைக்காலத்தில் குளிர்ந்த தண்ணீரில் குளிக்க வேண்டுமென்றால் சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டும். சாதாரணக் குழாயில் வருவது மொட்டைமாடித் தொட்டியில் பகலெல்லாம் வெந்த தண்ணீர். மேலே பட்டால் தோல் எரியும். ஹீட்டரை அணைத்து வைத்திருப்பதால் அதற்குள் கிடக்கும் தண்ணீர் மட்டும் ரூமின் ஏசியில் ஆறியிருக்கும். புதிதாக வருகிறவன் முதல் நாள் சோப்பு நுரையோடு அலறியபடி வெளியே ஓடிவருவான். தொழிலாளர் கேம்பே சிரிக்கும். நானும் அப்படி ஓடிவந்தவன்தான். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் வெயிலைத் தின்று வளர்ந்தவன் என்றாலும் இந்தச் சூடு வேறு. இரும்பைத் தொட்டால் கையுறை உருகும். இரண்டாயிரங்களின் நடுவில், அந்த ஊரில் வைத்து, ஒரு வெள்ளைக்காரர் என் முன்னால் வந்து நின்று, "எனக்கு ஹீட் வேண்டும், இன்னும் ஹீட்!" என்று கத்தியபோது, வெயிலில் மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பேஸ்பால் ஆட்டத்தில் ஹீட் என்றால் வேகப்பந்து. அந்தச் சொல்லின் பொருள் அன்றைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் விலை தெரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. அந்த விலையைக் கொடுத்தவன் நான் அல்ல, முனியசாமி என்கிற கமுதிக்காரன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்கு வாய் கசக்கிறது. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் இதை விளையாட்டுச் செய்தி என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். வளைகுடாவில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை.

நான் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். பாலிடெக்னிக் முடித்து, மதுரையில் கொஞ்ச காலம் சுற்றிவிட்டு, ஆட்களை வாடகைக்கு விடும் ஒரு சப்ளை கம்பெனியின் விசாவில் வந்தவன். விசாவுக்குப் பொறுப்பான கஃபீல் ஒருவர், சம்பளம் போடும் கம்பெனி ஒன்று, வேலை வாங்கும் கம்பெனி இன்னொன்று. எங்களை வேலை வாங்கியது ஓர் அமெரிக்கக் கம்பெனி. சுத்திகரிப்பு ஆலையை விரிவாக்கும் வேலை. அந்தக் கம்பெனியின் கன்ஸ்ட்ரக்ஷன் மேனேஜர் மிஸ்டர் டேல். ஆறடிக்கு மேல் உயரம், சிவந்த கழுத்து, எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம். கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. சொல்ல முடிந்திருந்தால் என் கோபம் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேம்புக்குப் பின்னால் இருந்த மணல் திடலில் நாங்கள் கிரிக்கெட் ஆடுவோம். டென்னிஸ் பந்தில் எலெக்ட்ரிக்கல் டேப்பை இறுக்கிச் சுற்றினால் கிட்டத்தட்டக் கிரிக்கெட் பந்து. ஒரு நாள் வேலியோரம் நின்றிருந்த நான், ஓடிவந்த பந்தை எடுத்து, விக்கெட் கீப்பரின் கைக்கு நேராக எறிந்தேன். தரையில் படாமல் போய் விழுந்தது. ரன் ஓடிக்கொண்டிருந்த மலையாளி பாதி வழியிலேயே நின்று தலையில் கை வைத்தார். அப்போது சாலையில் போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளை லேண்ட் குரூசர் நின்றது. மிஸ்டர் டேல் இறங்கி மணலில் நடந்து வந்தார். ஆட்டம் அப்படியே உறைந்தது. திடலை மூடப் போகிறார்கள் என்று எல்லோரும் நினைத்தோம்.

"யார் எறிந்தது?" என்று கேட்டார்.

நான் முன்னால் போய், "சாரி சார். கண்ணாடி எதுவும் உடையவில்லை," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கீழே கிடந்த பந்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "மறுபடியும் எறி."

அப்படித்தான் நான் பேஸ்பால் பிட்சர் ஆனேன். ஆலையில் வேலை எடுத்திருந்த அமெரிக்கர்கள், கொரியர்கள், ஜப்பானியர்கள், கனடாக்காரர்கள் ஆளுக்கு ஓர் அணி வைத்திருந்தார்கள். குளிர்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் ஸ்டாஃப் கேம்பின் மைதானத்தில் ஆட்டம். எங்கள் கேம்பிலிருந்து பார்த்தால் அந்த மைதானத்தின் பச்சைப் புல் ஒரு கோடாகத் தெரியும். அதன் மீது கால் வைப்பேன் என்று நான் நினைத்ததில்லை. என் பெயர் கண்ணன். மிஸ்டர் டேலின் வாயில் அது 'கேனன்' ஆயிற்று. அவர் மொழியில் பீரங்கி. "மீட் மை கேனன்," என்று மற்ற மேனேஜர்களிடம் தோளைத் தட்டி அறிமுகப்படுத்துவார். எங்கள் ஊரில் கேனன் என்றால் யார் என்பது உங்களுக்குத் தெரியும். ரூமில் என்னோடு இருந்த திருநெல்வேலிக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "சரியாத்தாம்ல பேரு வச்சிருக்கான் தொரை," என்றார் ஒருவர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும். ஒரு மண்மேட்டில் நின்று பிட்சர் பந்தை எறிவார். பந்து தரையில் குத்தாமல் நேராக வரும். எதிரே உருட்டுக்கட்டை மட்டையோடு ஒருவர், அவருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர். மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டால் மட்டையாளர் அவுட். அடிக்கிறவருக்கு யோசிக்க நேரமே கிடையாது. பந்து கையிலிருந்து கிளம்பியதுமே வீசலாமா கூடாதா என்று முடிவு எடுத்தாக வேண்டும். அதனால்தான் வேகத்துக்கு அவ்வளவு மதிப்பு. மிஸ்டர் டேல் ஒரு ஸ்பீட் கன் வைத்திருந்தார். சாலையில் போலீஸ்காரர்கள் காருக்கு நேராக நீட்டுவார்களே, அதேதான். நான் எறியும் ஒவ்வொரு பந்துக்கும் அதில் ஓர் எண் விழும். எண் ஏறினால் அவர் முகம் மலரும். இறங்கினால், "ஹீட், கேனன், ஹீட்!"

முதல் சில ஆட்டங்களில் நான் ராஜா. வியாழக்கிழமை டியூட்டியிலிருந்து சீக்கிரம் விடுவிப்பார்கள். வெள்ளிக்கிழமை லேண்ட் குரூசர் கேம்ப் வாசலுக்கே வரும். ஸ்டாஃப் மெஸ்ஸில் ஐஸ்கிரீம். ஊரில் தோல் பந்தில் ஆட ஆசைப்பட்டு, கிட் வாங்க வழியில்லாமல் டென்னிஸ் பந்தோடு நின்றுபோனவன் நான். இங்கே என் அளவுக்கு ஷூ எடுத்துக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு புல்லில் நடந்தபோது கால் கூசியது.

பிறகு கொரியர்கள் என் பந்தைப் படித்துவிட்டார்கள். வேகப்பந்தை அடிக்க முடியாது என்பது பாதிதான் உண்மை. ஒரே வேகத்தில், ஒரே நேர்கோட்டில் வந்துகொண்டே இருந்தால் கண் அதற்குப் பழகிவிடும். அந்த ஊர் சூட்டுக்கு நாங்கள் பழகவில்லையா? அவர்களின் கட்டையான வெல்டிங் இன்ஸ்பெக்டர் ஒருவர் என் அதிவேகமான பந்துகளை வேலிக்கு அப்பால், ஒட்டகம் மேயும் புதர்களுக்குள் அடித்துக்கொண்டே இருந்தார். அடிபடும் பந்துக்கு வேகம் என் கையிலிருந்தே கிடைத்தது. மிஸ்டர் டேலிடம் இருந்த ஒரே மருந்து, இன்னும் வேகம். சைட்டில் வேலை பின்தங்கினாலும் அவரிடம் அதே மருந்துதான். யல்லா, ஜல்தி, இன்னும் ஆள், இன்னும் ஓவர்டைம்.

எங்கள் அணியின் கேட்சர் ரமோன் என்கிற வெனிசுவேலாக்காரர். பைப்பிங் எஞ்சினியர். தன் நாட்டில் எண்ணெய்க் கம்பெனியில் ஏதோ அரசியலில் வேலை போய், மனைவியை ஓர் ஊரிலும் அம்மாவை இன்னோர் ஊரிலும் விட்டுவிட்டு வந்தவர். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதும் ஏறக்குறைய ஒரே தரம். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே மண்மேட்டுக்கு ஓடிவந்து, "கம்பியோ, கம்பியோ," என்றார். நான் தினமும் கம்பி இழுக்கிறவன். இங்கே எதற்குக் கம்பி கேட்கிறார் என்று விழித்தேன். அவர் என் கையைப் பிடித்து, பந்தை விரல்நுனிகளிலிருந்து எடுத்து உள்ளங்கையின் ஆழத்தில் பொதித்து, விரல்களை மடக்கினார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அது எங்கள் ஊர்த் திடலில் நான் போட்டுக்கொண்டிருந்த ஸ்லோ பாலின் அண்ணன். அவர் மொழியில் கம்பியோ என்றால் மாற்றம்.

அதன் ரகசியம் மெதுவாக எறிவதில் இல்லை. மெதுவாக எறிகிறவனை எவனும் அடிப்பான். முகத்தில் அதே கோபம், காலில் அதே எட்டு, கை அதே வேகத்தில் சுழல வேண்டும். பந்து மட்டும் உள்ளங்கையில் புதைந்திருப்பதால் விரல்களின் சாட்டையடி அதன் மேல் விழாது. மட்டையாளர் வேகத்துக்குத் தயாராகி, உடம்பு முழுவதையும் சுழற்றி வீசி முடித்த பிறகு பந்து நிதானமாக வந்து கேட்சரின் கையில் உட்காரும். கொரிய வெல்டிங் இன்ஸ்பெக்டர் அடுத்த ஆட்டத்தில் இப்படி வீசி, தன் வேகத்தில் தானே சுற்றி, முழங்காலில் விழுந்தார். எழுந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். மைதானமே சிரித்தது. என் தோளுக்கும் அது இளைப்பாறலாக இருந்தது. அன்றைக்கு நாங்கள் ஜெயித்தோம்.

மிஸ்டர் டேல் சிரிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஸ்பீட் கன்னை என் முகத்துக்கு நேராகத் திருப்பிக் காட்டினார். "இதுவா என் பீரங்கி? இதை என் அம்மாகூட எறிவார்."

"சார், அவுட் ஆனாரே," என்றேன்.

"அவுட் ஆக்க யாராலும் முடியும். இந்த எண்ணை வரவைக்க யாரால் முடியும்?"

அந்தப் பதிலை நான் நாள் கணக்கில் மென்றுகொண்டிருந்தேன். ஜெயிப்பதைவிட எண் முக்கியம் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஜெயித்தால் அது அணியின் பெருமை. எண் என்பது அவருடைய சொந்தப் பெருமை. கேம்பிலிருந்து அவர் தேடிப் பிடித்த சரக்கு. ரமோனும் நானும் சேர்ந்து ஒருவரை ஏமாற்றி அவுட் ஆக்கினால் அதில் எங்கள் புத்தி இருக்கிறது. வேகத்தில் எங்கள் கை மட்டும்தான் இருக்கிறது. கைக்குத்தானே விசா கொடுத்திருக்கிறார்கள், புத்திக்கு யார் கேட்டது? இரண்டு முறை எச்சரித்தார். மூன்றாவது முறை நான் கம்பியோ எறிந்தபோது, ஆட்டத்தின் நடுவிலேயே மேட்டிலிருந்து இறக்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை லேண்ட் குரூசர் கேம்ப் வாசலில் வேறு ஓர் ஆளுக்காக நின்றது.

அந்த ஆள்தான் முனியசாமி. சாரம் கட்டுகிறவன். இருபத்தைந்து வயது இருக்கும், கல்யாணமாகிச் சில மாதங்களில் விமானம் ஏறியவன். கீழே நின்று இரும்புக் கிளாம்புகளை இரண்டு மாடி உயரத்துக்கு எறிவான். மேலே நிற்கிறவன் கையை நீட்டினால் போதும். சேஃப்டிக்காரர்கள் பார்த்தால் வைவார்கள். மிஸ்டர் டேல் பார்த்துவிட்டு ஸ்பீட் கன்னை எடுத்துவந்தார். முதல் நாளே என் எண்ணை அவன் தாண்டினான்.

என்னை அணியில் உபரி ஆளாக வைத்திருந்ததால் எல்லாவற்றையும் பெஞ்சிலிருந்து பார்த்தேன். நான் வாரம் முழுவதும் திருப்புளியும் மீட்டருமாக இருக்கிறவன். அவன் வாரம் முழுவதும் இருபதடிக் குழாய்களைத் தோளில் சுமக்கிறவன். அதே தோளால்தான் வெள்ளிக்கிழமை எறிய வேண்டும். மற்ற அணிகளில் பிட்சரை மாற்றுவார்கள், ஓய்வு கொடுப்பார்கள். மிஸ்டர் டேல் கடைசி வரை முனியசாமியையே எறிய வைத்தார். சில வாரங்களிலேயே அவன் இடது கையால் சோறு பிசைவதை மெஸ்ஸில் பார்த்தேன். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தோள் வலிக்குதா?"

"இல்லண்ணே. லேசாப் பிடிச்சிருக்கு."

"முனியா, எல்லாப் பந்தையும் வேகமா எறியாத. நடுவுல மெதுவா ஒண்ணு போடலாம். ரமோன் காட்டித் தருவாரு. தோளுக்கும் நல்லது, அவனுகளும் திணறுவானுக."

அவன் இடது கையாலேயே ஒரு கவளம் எடுத்து மென்றான். பிறகு, "அப்படிப் போட்டுத்தான ஒங்களை எறக்கி விட்டாரு," என்றான்.

"அதுக்காகக் கையை ஒடிச்சுக்கிறதா?"

"ஒங்களுக்கு ஏசி வண்டி வந்தப்ப வலிக்கல. எனக்கு வந்ததும் ஒங்களுக்கு வலிக்குது. இல்லண்ணே?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவனே பின்னால் வந்து, கை கழுவும் இடத்தில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னான். "கோவிச்சுக்காதீங்கண்ணே. சாரம் வேலையை விட்டு ஸ்டோருக்கு மாத்தித் தாரேன்னு டேல் சாரு சொல்லியிருக்காரு. நெழல்ல வேலை. இந்த சீசன் மட்டும் தாங்கிட்டாப் போதும்."

நிழலுக்காக அவன் எறிந்துகொண்டிருந்தான். அதற்கு மேல் நான் அறிவுரை சொல்லவில்லை.

ஜப்பானியர்களோடு ஆட்டம். அவர்கள் அவசரப்படாத ஆட்கள். மட்டையைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்து, வேகமாக வரும் பந்தைத் தொட மட்டும் செய்தார்கள். பந்து ஆளில்லாத இடம் பார்த்து விழுந்துகொண்டே இருந்தது. ரமோன் கால்களுக்கிடையே நான்கு விரல்களை ஆட்டி ஆட்டிக் காட்டினார், கம்பியோவுக்கான சைகை. முனியசாமி அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, பெஞ்சுப் பக்கம் மிஸ்டர் டேலைப் பார்த்தான். அவர் ஸ்பீட் கன்னை உயர்த்திப் பிடித்தபடி, "ஹீட்!" என்றார். முனியசாமி எறிந்தான். பந்து எங்கே போயிற்று என்று எனக்கு நினைவில்லை. ஈரத் துணியைக் கிழித்தது போல ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. அவன் கத்தவில்லை. வலது கையை இடது கையால் அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, மேட்டிலேயே உட்கார்ந்தான். எதிரணியின் ஜப்பானியப் பிட்சர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவனிடம் ஓடினார்.

கிளினிக்கில் படம் எடுத்தார்கள். தோளில் தசைநார் அறுந்துவிட்டது, ஆபரேஷன் இல்லாமல் கை தோளுக்கு மேலே எழும்பாது என்றார்கள். அடுத்த கேள்வி, ஆபரேஷனுக்கு யார் பொறுப்பு என்பது. டியூட்டியில் அடிபட்டிருந்தால் கம்பெனி பார்க்கும். இது விளையாட்டு. வெள்ளிக்கிழமை. லீவு நாள். அமெரிக்கக் கம்பெனி, அவன் எங்கள் ஆளே இல்லை என்றது. சப்ளை கம்பெனி, மைதானத்துக்குப் போகச் சொல்லி நாங்கள் அனுப்பவில்லை என்றது. கேம்ப் பாஸ் கையை விரித்தார். "மாஃபி இன்ஷூரன்ஸ், பாய், கிடையாது. என்ன செய்ய?"

நான் மிஸ்டர் டேலின் ஆபீசுக்குப் போனேன். தொப்பியைக் கழற்றாமல், நிற்காமல், எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் ஒரு மேனேஜர் முன்னால் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் வருத்தமாகத்தான் இருந்தார். "என்ன ஒரு கை அவனுக்கு இருந்தது," என்று தலையை ஆட்டினார். இருந்தது. ஆள் இன்னும் கேம்பில் தூளிக் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறான், அதற்குள் கை இறந்தகாலம் ஆகிவிட்டது.

"நீங்கள் சொல்லித்தான் எறிந்தான் சார்," என்றேன்.

"எனக்குத் தெரியும். வீ வில் டேக் கேர் ஆஃப் ஹிம்."

எழுந்து என் கையைக் குலுக்கினார். பார்த்துக்கொள்கிறோம் என்கிறார். நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். இவ்வளவு எளிதாக முடிந்துவிட்டதே என்று கேம்புக்கு நடந்து வந்து, முனியசாமியின் கட்டிலில் உட்கார்ந்து, "ஆபரேஷன் பண்ணுவாங்கடா, வாக்குக் குடுத்துட்டாரு," என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த வாரமே டிக்கெட் வந்தது. லீவில் போகிறான் என்று எழுதியிருந்தார்கள். உண்மையில் விசாவை ரத்து செய்துவிட்டார்கள். மிஸ்டர் டேல் பார்த்துக்கொண்டது இப்படித்தான். அவருடைய மொழியில் அந்த வாக்கியத்துக்கு ஆளைத் தீர்த்துக்கட்டுவது என்ற பொருளும் உண்டு என்று ரமோன்தான் எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முனியசாமியின் பெட்டியை நான்தான் பஸ்ஸில் ஏற்றினேன். அவனால் அதைத் தூக்க முடியவில்லை. பெட்டியின் மேல் மிஸ்டர் டேல் அன்பளிப்பாகக் கொடுத்த பேஸ்பால் கிளவுஸ் கட்டியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை லேண்ட் குரூசர் மறுபடியும் எனக்காக வந்தது. போனேன். ஏன் போனாய் என்று ரூமில் கேட்டார்கள். எதிரே கொரியர்கள். மேட்டில் ஏறி நின்றேன். ரமோன் ஒரு விரலை நீட்டி வேகப்பந்து கேட்டார். மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். நான்கு விரல்களை ஆட்டினார். சரி என்றேன். முதல் ஆள் காற்றை அடித்தார். இரண்டாவது ஆளுக்கும் அதையே எறிந்தேன். மூன்றாவது ஆளுக்கும் அதையே. ரமோனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதன்பிறகு அவர் ஒரு விரலைக் காட்டவே இல்லை.

வேகம் வரும் என்ற பயம் இருக்கும் வரைதான் மெதுப்பந்து ஏமாற்றும். வராது என்று தெரிந்துவிட்டால் அது தட்டில் வைத்த பண்டம். வெல்டிங் இன்ஸ்பெக்டர் முதல் அடியிலேயே அதை வேலிக்கு வெளியே அனுப்பினார். பிறகு ஆளுக்கு ஆள் அடித்தார்கள். எனக்கு அது தெரிந்துதான் இருந்தது. ஆட்டத்தை ஜெயிக்க நான் வரவில்லை. "ஹீட்!" என்று மிஸ்டர் டேல் கத்தினார். மெதுவாக எறிந்தேன். "கேனன்! ஹீட்!" இன்னும் மெதுவாக எறிந்தேன். ஸ்பீட் கன்னில் விழுந்த எண்களை அவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மைதானத்துக்குள் நடந்து வந்து கையை நீட்டினார், பந்தைக் கொடு என்று.

"என் பேரு கண்ணன் சார்," என்றேன்.

"என்ன?"

"கேனன் இல்லை. கண்ணன்."

அவருக்கு அது சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். பந்தை அவர் கையில் வைத்துவிட்டு இறங்கினேன். ரமோனும் முகக்கவசத்தைக் கழற்றி மேட்டில் வைத்துவிட்டு என்னோடு நடந்து வந்தார். அவர் எஞ்சினியர், அவருக்கு எதுவும் ஆகவில்லை. என்னை ஃபுஜைராவுக்கு மாற்றினார்கள். எண்ணெய்த் தொட்டிகளின் மேல் ஏறி அளவு பார்க்கும் வேலை. அங்கே மலை இருக்கிறது, கடல் இருக்கிறது, பேஸ்பால் இல்லை. அதைத் தண்டனை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இதில் வீரம் ஒன்றும் இல்லை. நான் தோற்றுக் கொடுத்த ஆட்டத்தால் முனியசாமியின் தோளில் ஒரு நார்கூட ஒட்டவில்லை.

அடுத்த லீவில் ஊருக்கு வந்ததும் கமுதிப் பக்கம் அவனைப் பார்க்கப் போனேன். மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். காலம் கடந்துவிட்டதால் பாதிதான் சரியானது. வலது கை தோள் வரைக்கும்கூட வருவதில்லை. மாமனாரின் சிமென்ட் கடையில் உட்கார்ந்து ஆட்களை மேய்க்கிறான். என்னைக் கண்டதும் கல்லாவிலிருந்து எழுந்து ஓடிவந்தான். மெஸ்ஸில் பேசியதை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, "ருவைஸ்ல எனக்கு முந்தி இவுகதான் எறிஞ்சாக," என்றான். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் மரியாதை எதுவும் இல்லை. அதுதான் நியாயம் என்று பட்டது.

சாயங்காலம் கண்மாய்க்குள் கிரிக்கெட் போட்டி. தண்ணீர் வற்றி வெடித்த தரையில் பிட்ச் போட்டிருந்தார்கள். முனியசாமிதான் அம்பயர். உள்ளூர் அணியில் ஓர் ஆள் குறைந்தது. "அண்ணே, ரெண்டு ஓவர் போட்டுட்டுப் போங்க," என்று என்னை இழுத்துவிட்டான். துபாய்க்காரர் பந்து போடுகிறார் என்று கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஓடிவந்து போட்டேன். பந்து நல்ல வேகத்தில் போய் ஸ்டம்பைப் பெயர்த்தது.

முனியசாமி இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினான். "நோ பால்."

"கோட்டைத் தாண்டலையேடா."

"கோடு இல்லண்ணே." அவன் குரல் தயங்கியது. "கை மடங்குது. எறியிறீக."

கரையில் யாரோ சிரித்தார்கள். முழங்கையை மடக்கி எறிந்தால் கிரிக்கெட்டில் செல்லாது என்பது தெரியும், ஆனால் நான் எங்கே மடக்கினேன்? பள்ளிக்கூட நாளிலிருந்து போட்டுவந்த பந்து அது. மறுபடி ஓடிவந்தேன். முழங்கையை நேராக வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஓடிவந்தேன். கை அதன் போக்கில் பின்னால் போய், மடங்கி, சாட்டையாகச் சொடுக்கியது. பேஸ்பால் மேட்டில் எறிந்தால் நல்ல பந்து. இங்கே முனியசாமியின் இடது கை மறுபடியும் நீண்டது. மூன்றாவது பந்துக்குக் கையை விறைப்பாக வைத்துச் சுற்றினேன். அது பிட்சின் பாதியில் விழுந்து, குழந்தை உருட்டியது போலப் போயிற்று. "அண்ணனுக்குப் பந்து மறந்துபோச்சுப்பா," என்று மட்டையாளர் சிரித்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவர் மேல் இல்லை, முனியசாமி மேலும் இல்லை. கோபப்பட வேண்டிய ஆள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார், இந்நேரம் வேறொரு கையைத் தேடிப் பிடித்திருப்பார்.

இன்னும் பல பந்துகள் பாக்கி இருந்தன. திரும்பி நடந்து, ஓட்டம் தொடங்கும் இடத்தில் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால், ஒரு பக்கம் உடம்போடு ஒட்டித் தொங்கும் கையும் மறு பக்கம் எப்போது வேண்டுமானாலும் நீளத் தயாராக இருக்கும் கையுமாக முனியசாமி நின்றுகொண்டிருந்தான். அவன் சொன்ன தீர்ப்பு சரி, என் கையும் இனி கிரிக்கெட்டுக்குச் செல்லாது. எனக்கு அடுத்த வாரம் விமானம். மட்டையாளர் குனிந்து தரையைத் தட்டினார். கரையில் இருந்தவர்கள் போடச் சொல்லிக் கூவினார்கள். பந்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம். கொடுக்க மனம் வரவில்லை. ஓடவும் கால் எழவில்லை.